காட்டுக்குள் எதில் போவது? சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஐந்து வழிகள்

சக்கர நாற்காலியில் இருப்பவர் காட்டுக்கோ மலைப்பாதைக்கோ கடற்கரைக்கோ போவதென்று முடிவெடுத்ததும் வருகிற முதல் கேள்வி, எதில் போவது என்பதுதான். செப்பனிட்ட பாதையாகத் தேடிப்பிடித்து இருக்கிற நாற்காலியிலேயே போய்விடலாமா? அதில் எதையாவது பூட்டிக்கொள்ளலாமா? புல்டோசர் பட்டையில் ஊர்ந்து போகும் மின்நாற்காலியை இரவல் வாங்கலாமா? நண்பர்கள் நாலு பேர் இழுத்துப் போகும் ஒற்றைச் சக்கர நாற்காலியில் ஏறலாமா? இல்லை, நிலத்தையே விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிடலாமா? வாசகர்கள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். விளம்பரப் படங்களைப் பார்த்தால் எல்லாமே எல்லா இடத்துக்கும் போகும் போலத் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் ‘நீங்கள்’ என்றால் நாற்காலியில் உட்காரப் போகிறவர். கூட வருகிறவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவும் தள்ளுகிறவருக்காகவே எழுதப்பட்டவை. உட்கார்ந்திருப்பவர் ஏதோ உடையாமல் கொண்டுசேர்க்க வேண்டிய பார்சல் போல. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவற்றுக்கு அளவுகோல்களே வேறு என்பதால் அவற்றை இங்கே கலக்கவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

எவ்வளவு மோசமான பாதையில் அது போகும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதை நாலாவதாகக் கேட்டால் போதும் என்பது என் கட்சி. நான் வைக்கும் வரிசை இது:

திசை யார் கையில்? மரத்தில் ஏதோ அசைகிறது, நின்று பார்க்க வேண்டும். நீங்களே நிறுத்த முடியுமா, யாரிடமாவது சொல்ல வேண்டுமா? ‘போதும், திரும்பலாம்’ என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? மற்றவர்களை முன்னால் போகவிட்டுப் பத்து நிமிடம் தனியாக இருக்க முடியுமா?

இடம் மாறி உட்கார வேண்டுமா? உங்கள் நாற்காலியும் மெத்தையும் முதுகுச் சாய்வும் உங்கள் உடம்புக்கென்று அமைந்தவை. வேறு இருக்கைக்கு மாறுவது சிலருக்குக் கையை ஊன்றினால் முடிந்துவிடும் வேலை. சிலருக்கு இரண்டு ஆளும் ஒரு தூக்குக் கருவியும் வேண்டும். மாறியபின் அந்த இருக்கையில் இரண்டு மணி நேரம் தோல் தாங்குமா என்பது அடுத்த கேள்வி.

உடம்பு என்ன விலை கொடுக்கும்? தோள், குளிர், வெப்பம், சிறுநீர்ப்பை.

தரை எப்படி? சரிவு, அகலம், வேர், மணல், சேறு.

நடுவழியில் பழுதானால் எப்படித் திரும்புவது?

அப்புறம் மறைமுகச் செலவுகள். இதில் பணம் ஒரு பகுதிதான். வண்டி, முன்பதிவு, ஆள் பலம், பழகும் நாட்கள் எல்லாம் இதில் சேரும்.

## செப்பனிட்ட பாதை, சொந்த நாற்காலி

இதைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ‘அது பார்க்கில் நடப்பது மாதிரி’ என்று தள்ளிவிடுகிறார்கள். என் கணக்கில் இதுதான் அநியாயமாகக் குறைத்து மதிக்கப்படும் வழி. திசை முழுக்க உங்கள் கையில். இடம் மாற வேண்டாம். மெத்தை, சாய்வு, மூச்சுக் கருவி எல்லாம் அது அது இருந்த இடத்திலேயே இருக்கும். பழுதானால் உதவி கூப்பிடு தூரத்தில்.

ஆனால் ‘சக்கர நாற்காலி போகும் பாதை’ என்று பலகையில் எழுதிவிட்டால் போதாது. அமெரிக்காவில் கூட்டரசு நிலங்களில் அமையும் இயற்கைப் பாதைகளுக்கென்று 2013-இல் வெளியான விதிகள் இதற்கு ஒரு நல்ல அளவுகோல். எந்த நாட்டில் இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அதன்படி பாதையின் அகலம் குறைந்தது 91 செ.மீ. 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவு எவ்வளவு நீளமும் இருக்கலாம். 12-க்கு 1 என்றால் ஒரே மூச்சில் 61 மீட்டர் வரைதான். 10-க்கு 1 என்றால் 9 மீட்டர். 8-க்கு 1 என்றால் வெறும் 3 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் நடுவே இளைப்பாற ஓர் இடம் வேண்டும். 12-க்கு 1-ஐ விடச் செங்குத்தான பகுதி மொத்தப் பாதையில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இந்த எண்களில் இரண்டு கவனிக்க வேண்டியவை. முதலாவது அகலம். 91 செ.மீ. பாதையில் நாற்காலி போகும், ஆனால் பக்கத்தில் யாரும் நடந்து வர முடியாது. பேச்சுத் துணைக்கு வந்தவர் முதுகுக்குப் பின்னாலோ முன்னாலோதான் வருவார். நடையின் பாதிச் சுகம் போய்விடும். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள பாதை என்றால் அது தனி ருசி.

இரண்டாவது பக்கச் சரிவு. ஏற்றம் எவ்வளவு என்று எல்லோரும் விசாரிப்பார்கள், பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை. சாய்ந்த பாதையில் நாற்காலி பள்ளத்துப் பக்கமாகவே இழுக்கும். நேராகப் போக ஒரே கை ஓயாமல் தள்ள வேண்டும். நீண்ட ஏற்றத்தில் வராத வலி, அரை மணி நேரப் பக்கச் சரிவில் அந்த ஒரு தோளில் வந்துவிடும். மண் பாதைக்கு 20-க்கு 1 வரை அந்த விதிகள் அனுமதிக்கின்றன. தார், கான்கிரீட், மரப்பலகை போட்ட பாதைக்கு 48-க்கு 1.

தரைப்பொருளையும் பாருங்கள். கூழாங்கல் கொட்டிய பாதை பார்வைக்கு அழகு, சக்கரத்துக்கு எமன். உருண்டைக் கல் நகர்ந்துகொண்டே இருக்கும், சக்கரம் புதையும். உடைத்த கல்லும் அதன் தூளும் சேர்த்து இறுக்கிய தரையில் முனைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால் அது கெட்டியாக நிற்கும். மரப்பலகைப் பாதை என்றால் பலகைகள் நீங்கள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இடைவெளி 13 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. நீளவாக்கில் போட்டிருந்தால் சின்னச் சக்கரம் இடுக்கில் இறங்கிச் சிக்கும். நிழலான இடத்தில் ஈரப் பலகை பாசியேறி வழுக்கும்.

மறைமுகச் செலவு என்னவென்றால், இப்படிப்பட்ட பாதை பெரும்பாலும் குட்டையாக இருக்கும், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டியே இருக்கும், விடுமுறை நாளில் கூட்டம் நெரியும். இன்னொன்று பராமரிப்பு. திறந்த நாளில் அளவெல்லாம் சரியாக இருந்திருக்கும். நாலு மழைக்கு அப்புறம் தண்ணீர் அரித்த ஒரு பள்ளமோ தூக்கிக்கொண்ட ஒரு வேரோ போதும், மொத்தப் பாதையும் அந்த இடத்தோடு முடிந்துவிடும். தகவல் பலகையில் அந்த வேர் இருக்காது.

## சொந்த நாற்காலியில் பூட்டிக்கொள்வது

சாதாரண நாற்காலியைக் காட்டில் கவிழ்ப்பது அதன் முன்னால் உள்ள இரண்டு சின்னச் சக்கரங்கள். பத்துப் பதினைந்து செ.மீ. விட்டமுள்ள அந்தச் சக்கரம் மணலில் புதையும், வேரில் முட்டி நிற்கும். நீங்கள் முன்னால் எகிறுவீர்கள். இதற்கு எளிய தீர்வு, கால்வைக்கும் பலகையில் பூட்டும் பெரிய ஒற்றை முன்சக்கரம். சின்னச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு மேலே தூக்கிக்கொள்ளும். நாற்காலி மூன்று பெரிய சக்கர வண்டியாகிவிடும். மோட்டார் கிடையாது, பாட்டரி கிடையாது, வேண்டாதபோது கழற்றி முதுகுப் பக்கம் மாட்டிக்கொள்ளலாம். பின்னால் அகலமான முள் டயரும் போட்டால் காட்டு வண்டிப்பாதை, இறுகிய புல்தரை, ஓரளவு கரடான மண் பாதை எல்லாம் வசப்படும்.

கைபலத்தில் ஓடுவதிலேயே இன்னொரு வகை, நெம்புகோல் நாற்காலி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாகி, கிழக்கு ஆப்பிரிக்கா, குவாத்தமாலா, இந்தியா ஆகிய இடங்களில் சோதித்துச் செம்மைப்படுத்தப்பட்ட வடிவம் இது. சக்கர வளையத்தைத் தள்ளுவதற்குப் பதில் இரண்டு நீண்ட கோல்களை முன்னால் தள்ள வேண்டும். கோலின் மேல்நுனியைப் பிடித்தால் விசை கூடும், ஏற்றத்துக்கு உதவும். கீழே பிடித்தால் வேகம் கூடும், சமதளத்துக்கு ஏற்றது. கியர் மாற்றுவது உங்கள் கைதான், அதனால் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. பின்னால் இழுத்தால் பிரேக். இது தனி நாற்காலி என்பதால் இடம் மாறி உட்கார வேண்டியிருக்கும்.

மின் மோட்டார் உள்ள முன்சக்கரமும் கிடைக்கிறது. தார்ச்சாலையிலும் இறுகிய பாதையிலும் அருமை. ஆனால் ஏற்றத்தில் உங்கள் எடை பின்சக்கரத்துக்குப் போய்விடும். சரளைக்கல் ஏற்றத்தில் மோட்டார் உள்ள முன்சக்கரம் பிடிமானமில்லாமல் சும்மா சுழலும். வாங்கும் முன் கடையின் சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

இந்த வழியில் பெரிய மறைமுகச் செலவு தோள்தான். நாற்காலியைத் தள்ளும் அதே தோள்தான் உங்களைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் மாற்றுகிறது. ஒரு நாள் உற்சாகத்தில் அதைக் கெடுத்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போக நேரும். கையால் தள்ளிப் போகிறவர்கள் தூரத்தை மனதின் ஆசையை வைத்துத் தீர்மானிக்காமல், திரும்பி வரும் ஏற்றத்தை வைத்துத் தீர்மானிப்பது நல்லது. இறக்கத்துக்குக் கையுறை கட்டாயம். பூட்டும் முன்சக்கரத்தோடு தனியாகப் பிரேக் வராவிட்டால் உங்கள் உள்ளங்கைதான் பிரேக்.

சில்லறைச் செலவுகளும் உண்டு. மடக்கும் நாற்காலியில் இந்தச் சக்கரத்தைப் பூட்டத் தனி இணைப்புத் துண்டு தேவைப்படலாம். வண்டி நீளமாகிவிடுவதால் குறுகிய இடத்தில் திரும்பாது. கழிப்பறைக்குள் நுழைய ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டும். கழற்றிய சக்கரம் முதுகில் தொங்கும்போது நாற்காலி பின்பக்கம் சாயப் பார்க்கும்.

## பட்டை ஓடும் மின்நாற்காலி

சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு ரப்பர் பட்டைகள், ஒரு ஜாய்ஸ்டிக். வேர், சேறு, மணல், பனி என்று எதற்கும் அசையாமல் போகும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஸ்டான்டன் மாநிலப் பூங்கா 2017-இல் இவற்றைப் பார்வையாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. பிறகு வேறு மாநிலப் பூங்காக்களும் தொடர்ந்தன. இங்கிலாந்தில் இதன் ஒன்றுவிட்ட தம்பியான நாலு சக்கரக் காட்டு ஸ்கூட்டர் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் கூட்டமாக மலை ஏறும் மாற்றுத்திறனாளி நடைக்குழுக்களே உண்டு.

இதன் பெரிய வரம், கரடான நிலத்திலும் திசை உங்கள் கையிலேயே இருப்பது. நண்பர்கள் உங்களுக்காகக் காத்திருக்கும் நிலை மாறி, நீங்கள் அவர்களுக்காகக் காத்திருப்பீர்கள். அந்தச் சுகத்தைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. தசை பலவீனமோ சோர்வோ நாளுக்கு நாள் ஏறி இறங்குபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. காலையில் இருந்த தெம்பு மதியம் இல்லாமல் போனாலும் வண்டி கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இனி மறுபக்கம். இதன் எடை 200 கிலோ அளவில் இருக்கும். ஓடும்வரை அந்த எடை தெரியாது. சேற்றில் சிக்கினாலோ பாட்டரி தீர்ந்தாலோ கூட வந்த நாலு பேரால் ஒன்றும் செய்ய முடியாது. சொந்தமாக வாங்கினால் சாய்தளம் உள்ள வேனோ இழுவண்டியோ சேர்த்து வாங்க வேண்டும். நாற்காலியின் விலையோடு கணக்கை முடித்துவிட்டவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். பாட்டரி எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் ஏற்றம், சேறு, குளிர் மூன்றும் அதைத் தின்னும். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுவது என் யோசனை, அதுவும் போகும் வழி இறக்கமாக இருந்தால்.

இரவல் வாங்கினாலும் சுதந்திரம் முழுசாகக் கிடைப்பதில்லை. முன்பதிவு, பயிற்சி, குறிப்பிட்ட பாதைகளுக்கு மட்டும் அனுமதி, கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் சகஜம். இருக்கை எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் மெத்தையை அதில் போட்டுக்கொள்ளலாமா, பக்கவாட்டுத் தாங்கி இருக்கிறதா, ஜாய்ஸ்டிக்கை இடது கைக்கோ தாடைக்கோ மாற்ற முடியுமா என்று போகும் முன்பே கேளுங்கள். பட்டையில் போகும்போது அதிர்வு தொடர்ந்து இருக்கும். உணர்ச்சி இல்லாத இடுப்புக்கு அது தெரியாது. மறுநாள் சிவந்த தோல்தான் சொல்லும்.

நிலத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பட்டை வண்டி திரும்பும்போது ஒரு பட்டை மண்ணை அரைத்துக்கொண்டே திரும்பும். பாசியும் மென்மையான மண்ணும் உள்ள இடத்தில் அந்தத் தழும்பு ஆற நாளாகும். அதனால் சில பாதைகளில் இதற்கு அனுமதி இல்லை. சட்டமும் உண்டு. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் வனச் சட்டம் பாதுகாக்கப்பட்ட வனங்களில் மோட்டாருக்குத் தடை விதிக்கிறது. 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கேயும் சக்கர நாற்காலிக்கு இடம் தருகிறது, மோட்டார் இருந்தாலும் சரி. ஆனால் அது நடக்க இயலாதவருக்காகவே வடிவமைத்ததாகவும், கட்டடத்துக்குள் மக்கள் நடமாடும் இடத்தில் பயன்படுத்தத் தக்கதாகவும் இருக்க வேண்டும். சாதாரண மின்நாற்காலி இந்தத் தேர்வில் தேறும். பட்டை நாற்காலியை வீட்டு வராந்தாவில் ஓட்டிக் காட்டுவது கஷ்டம்.

## ஒற்றைச் சக்கர நாற்காலியும் நாலு நண்பர்களும்

பிரான்சில் மலை வழிகாட்டியாக இருந்த ஜோயல் க்ளோடெல், தசைநோயால் நடக்க முடியாத தன் உறவுக்காரப் பையனை மலைக்கு அழைத்துப் போவதற்காக 1987-இல் உருவாக்கியது ஜோலெட். நடுவே ஓர் இருக்கை, அதற்கு அடியில் ஒரே ஒரு சக்கரம், முன்னும் பின்னும் நீளும் கைப்பிடிகள். முன்னால் இருப்பவர் இழுத்துத் திசை காட்டுவார். பின்னால் இருப்பவர் சமநிலையையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்வார். கனடாவின் வான்கூவர் பக்கம் இதே குடும்பத்தில் பிறந்தது ட்ரெய்ல்ரைடர். அதற்குக் காரணமானவர்களில் ஒருவர், பனிச்சறுக்கு விபத்தில் கைகால் செயலிழந்த, பிற்பாடு அந்த நகரத்தின் மேயராகவே ஆன சாம் சல்லிவன். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலப் பூங்காத் துறை ட்ரெய்ல்ரைடரை இரவல் தருகிறது. இழுக்க ஆள் இல்லாதவர்களுக்குத் தன்னார்வலர்களையும் ஏற்பாடு செய்கிறது.

ஒரே சக்கரம் என்பதால் ஓர் ஆள் நடக்கும் அகலம் இருந்தால் போதும். படிக்கட்டு, பாறை, ஓடை, செங்குத்தான வளைவு எதுவும் தடையில்லை. மோட்டார் இல்லாததால் சட்டச் சிக்கல் இல்லை, சத்தம் இல்லை, பாட்டரிக் கவலை இல்லை. மடித்து வண்டியில் போட்டுக்கொள்ளலாம். நிலத்தை மட்டும் பார்த்தால் மற்ற எல்லா வழிகளையும் இது தோற்கடித்துவிடும்.

ஆனால் முதல் அளவுகோலில் இதற்குத்தான் கடைசி இடம். நிறுத்துவது, திருப்புவது, வேகம் எல்லாம் அடுத்தவர் கையில். இழுப்பவர்கள் மூச்சு வாங்கும்போது ‘கொஞ்சம் நில்லுங்கள், அந்தப் பூவைப் பார்க்கணும்’ என்று சொல்ல வாய் வராது. ஏற்றத்தின் நடுவில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் பேசாமல் இருப்பீர்கள். தாகம் எடுத்தாலும், கால் மரத்தாலும், பயமாக இருந்தாலும் பேசாமல் இருப்பீர்கள். திரும்பி வந்ததும் எல்லோருக்கும் நன்றி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோவீர்கள். இந்த வழியின் மறைமுகச் செலவுகளில் நான் முதலில் எழுதுவது இதைத்தான். எந்தக் குறிப்பேட்டிலும் இது இருக்காது.

இதைச் சரிக்கட்ட வழி இருக்கிறது. கிளம்பும் முன்பே ஒரு சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள். அதை நீங்கள் சொன்னால் காரணம் கேட்காமல் எல்லோரும் நிற்க வேண்டும். வரைபடம் உங்கள் மடியில் இருக்கட்டும். எந்தக் கிளைப் பாதை, எங்கே ஓய்வு, எப்போது திரும்புவது என்று வழி சொல்வது உங்கள் வேலையாகட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம் என்று முதலிலேயே வைத்துவிட்டால் கேட்டுக் கேட்டு நிறுத்தும் சங்கடம் பாதியாகக் குறையும். எடையை மாற்றி உட்காரவும் அந்த நிறுத்தம் பயன்படும்.

ஆள் கணக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். சமதளத்துக்கு இரண்டு பேர் போதும். மலை என்றால் நாலு, கயிறு கட்டி இழுக்கும் ஏற்றம் என்றால் அதற்கும் மேல். மாற்றி மாற்றிப் பிடிக்க ஆள் இல்லாத குழு போகும்போது சிரித்துக்கொண்டு போகும், வரும்போது தடுமாறும். கஷ்டம் இறக்கத்தில்தான்: களைத்த கைகள், முன்னால் தள்ளும் எடை, பின்னால் பிரேக் பிடிப்பவரின் முழங்கால். ஆளுள்ள நாற்காலியை முதல்முதலாக மலையிலேயே பிடித்துப் பார்ப்பது வேண்டாத வேலை. ஒரு நாள் சமதளத்தில் பழகிக்கொள்ளட்டும். அந்தப் பழக்கத்தில் இழுப்பவர்களும் ஒருமுறை இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் மிச்சப் பாடத்தை நீங்கள் நடத்த வேண்டியிருக்காது.

இன்னொன்று குளிர். அவர்கள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு சட்டையைக் கழற்றுவார்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு உடம்பு விறைக்கும். அவர்களுடைய உடையைப் பார்த்து நீங்கள் உடுத்தாதீர்கள்.

## தண்ணீர்

தண்ணீரில் வேர் இல்லை, படி இல்லை, சரிவு இல்லை. துடுப்புப் படகில் உட்கார்ந்தபின், கரையில் நாற்காலிக்காரர் யார் என்று தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இடுப்புக்கு மேல் பலமுள்ளவர்களுக்கு இது மிகப் பொருத்தம். மாற்றுத்திறனாளிகளின் கயாக் வகைத் துடுப்புப் படகுப் போட்டி 2016 ரியோ பாராலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. உடல் சமநிலை குறைவென்றால் படகின் இரு பக்கமும் மிதவை பூட்டலாம், உயரமான முதுகுச் சாய்வு வைக்கலாம். ஒரே ஒரு விதியில் விட்டுக்கொடுக்காதீர்கள்: கவிழ்ந்தால் உடனே விடுபட முடியாதபடி உடம்பைப் படகோடு கட்டவே கூடாது.

கஷ்டமெல்லாம் கரையில் இருக்கிறது. துறையிலிருந்து படகுக்கு இறங்குவது, அதைவிடக் களைத்தபின் ஏறுவது. உணர்ச்சியில்லாத கால் படகின் விளிம்பில் உரசிக் காயமானாலும் தெரியாது. கடற்கரை என்றால் மணலில் விரிக்கும் பாய்ப்பாதையும் பலூன் டயர் நாற்காலியும் உதவும். பலூன் நாற்காலியை அநேகமாக வேறொருவர்தான் தள்ள வேண்டும். அலையில் அது மிதக்கத் தொடங்கினால் கவிழும். கிரேக்கக் கடற்கரைகளில் சூரிய மின்சாரத்தில் இயங்கும் ஓர் அமைப்பு இருக்கிறது: தண்டவாளத்தில் ஓடும் இருக்கை உங்களை நேராகக் கடலுக்குள் இறக்கிவிடும், திரும்ப ஏற்றிக்கொள்ளும். யாரையும் கூப்பிடாமல் நீங்களே இயக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | செப்பனிட்ட பாதை | பூட்டும் சக்கரம் / நெம்புகோல் | பட்டை மின்நாற்காலி | ஒற்றைச் சக்கரம் | தண்ணீர் |
|---|---|---|---|---|---|
| திசை யார் கையில் | உங்கள் கையில் | உங்கள் கையில் | உங்கள் கையில், நிபந்தனைகளோடு | குழுவின் கையில் | படகில் உங்கள் கையில். கரையில் இல்லை |
| இடம் மாறுதல் | வேண்டாம் | சக்கரத்துக்கு வேண்டாம். நெம்புகோலுக்கு வேண்டும் | வேண்டும் | வேண்டும் | வேண்டும், கடினம் |
| உடம்புச் சுமை | குறைவு | தோள் | அதிர்வு, தோல் | குளிர், அசைவின்மை | குளிர், காயம் |
| தரை | சமம், இறுகியது | ஓரளவு கரடு | சேறு, மணல், வேர் | ஏறக்குறைய எதுவும் | அமைதியான நீர் |
| பழுதானால் | எளிது | தள்ளிக்கொண்டு வரலாம் | மிகக் கடினம் | ஆள் இருந்தால் எளிது | இன்னொரு படகு வேண்டும் |
| எதிர்பாராத செலவு | கூட்டம், குட்டைப் பாதை | தோள்வலி | வேன், முன்பதிவு | ஆள், நன்றிக்கடன் | கரையில் உதவியாள் |

## யாருக்கு எது

சொந்த நாற்காலியை விட்டு இறங்கவே முடியாதவர்களுக்கு, அதாவது அளவெடுத்துச் செய்த இருக்கையோ மூச்சுக் கருவியோ உள்ளவர்களுக்கு, செப்பனிட்ட பாதைதான் முதல் தேர்வு, இடம் மாற வேண்டிய வழிகளை யோசிப்பதில் அர்த்தமில்லை. நல்ல பாதை எங்கே என்று தேடுவதில் அந்த நேரத்தைச் செலவிடலாம். முதல் தடவையாக வெளியே கிளம்புபவருக்கும் நான் இதையே சொல்வேன்.

கையில் பலமுள்ளவர், அடிக்கடி போக நினைப்பவர், தனியாகப் போவதை விரும்புபவர் என்றால் பூட்டும் முன்சக்கரத்தை முதலில் வாங்குங்கள். மற்ற எதைப் பின்னால் வாங்கினாலும் இது வீணாகாது.

பட்டை நாற்காலியை இரவல் வாங்க முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். சொந்தமாக வாங்குவது, வீட்டு வாசலிலேயே காடோ பண்ணையோ தொடங்குகிறவருக்குத்தான் கட்டுப்படியாகும் என்று நினைக்கிறேன். வேனில் ஏற்றி இறக்கித்தான் ஒவ்வொரு தடவையும் போக வேண்டும் என்றால் சில மாதங்களில் அது கொட்டகையில் தூங்கும்.

ஒற்றைச் சக்கரம், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு எப்படியாவது போயே தீர வேண்டும் என்கிற நாளுக்கு. அந்த அருவி, அந்த உச்சி. நெருங்கிய நண்பர்கள் இருந்து, அவர்களிடம் ‘நில்’ என்று கூச்சமில்லாமல் சொல்ல முடியும் என்றால் இதைப் போல் ஒரு நாள் கிடைக்காது. குழந்தைகளுக்கும் பொருந்தும், குழந்தைகளுக்கு நிறுத்தச் சொல்வதில் எந்தக் கூச்சமும் கிடையாது. முகம் தெரியாத தன்னார்வலர்களோடு போவதென்றால் முதல் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

கழுத்துப் பகுதியிலோ மேல்முதுகிலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் எந்த வழியை எடுத்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால், சிறுநீர்ப்பை நிரம்பினாலே, குழாய் மடங்கினாலே, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறக்கூடும். திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை என்று தொடங்கும். உடனே நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, காரணத்தைத் தேட வேண்டும். அடங்காவிட்டால் மருத்துவ உதவி வேண்டும். கூட வருகிறவர்களுக்கு இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள். பாதிப்புக்குக் கீழே வியர்க்காது என்பதால் வெயிலில் உடம்பு சூடேறுவதும் சீக்கிரம். நனைத்துக்கொள்ளத் தண்ணீர் தெளிப்பான் ஒன்று பையில் இருக்கட்டும்.

## பதிவு செய்யும் முன் தொலைபேசியில்

‘வீல்சேர் போகுமா?’ என்று கேட்டால் ‘ஓ, தாராளமாக’ என்றுதான் பதில் வரும். எண்களாகக் கேளுங்கள். மேலே சொன்ன 2013 விதிகள், புதிய பாதையின் தொடக்கத்தில் ஐந்து தகவல்களைப் பலகையில் போட வேண்டும் என்கின்றன: பாதையின் நீளம், தரைப்பொருள், வழக்கமான அகலமும் மிகக் குறுகிய அகலமும், வழக்கமான ஏற்றமும் மிக அதிக ஏற்றமும், பக்கச் சரிவிலும் அதேபோல் இரண்டும். பலகை இல்லாத இடத்தில் இந்த ஐந்தையும் நீங்களே கேட்கலாம். பதில் தெரியாது என்றால், பாதையிலேயே மிக மோசமான இடத்தை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அழகான இடத்தின் படம் எப்படியும் அவர்களிடம் இருக்கும்.

கருவியை இரவல் வாங்குவதானால் கேட்க வேண்டியவை வேறு: எவ்வளவு எடை வரை தாங்கும், இருக்கையின் அகலம் என்ன, இடம் மாற உதவ ஆளோ தூக்குக் கருவியோ இருக்கிறதா, நான் போயிருக்கும் நேரத்தில் என் சொந்த நாற்காலியை எங்கே பூட்டிவைப்பீர்கள், பாதையில் நின்றுபோனால் யார் எவ்வளவு நேரத்தில் வருவார்கள், அங்கே கைபேசி எடுக்குமா.

கடைசியாகக் கழிப்பறை. இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. கதவின் அகலம், உள்ளே நாற்காலி திரும்ப இடம், பக்கவாட்டுக் கைப்பிடி, அன்றைக்கு அது பூட்டியிருக்குமா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். பட்டை நாற்காலியில் போகிறவர் என்றால் இன்னொரு கேள்வி சேரும்: அந்த வண்டி அந்தக் கதவுக்குள் நுழையுமா, நுழையாவிட்டால் என் சொந்த நாற்காலியை அங்கே கொண்டுவந்து வைத்திருக்க முடியுமா.